எலுமிச்சம்பழத்தோடு வந்த அப்பா

கள்ளக்குறிச்சியில் ஒரு திடலில்தான் அவரைப் பார்த்தேன். ஒல்லியான மனிதர், சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருந்தார். கல்வராயன் மலையிலிருந்து மகளை ஓட்டப்பந்தயத்துக்கு அழைத்து வந்திருந்தார். கையில் ஓர் எலுமிச்சம்பழத்தை உருட்டிக்கொண்டே இருந்தார். பஸ் மலைப்பாதையில் வளையும்போதெல்லாம் மகளுக்கு முகரக் கொடுத்த பழம் அது.

கடைசிச் சுற்றில் எல்லாருக்கும் முன்னால் ஓடிவந்த அவர் மகள், எல்லைக்கோட்டைத் தொடுமுன் சுருண்டு விழுந்தாள். தூக்கிவந்து நிழலில் கிடத்தினோம்.

"காலையில இன்னா சாப்ட்டா?" என்று கோபமாகவே கேட்டேன்.

"ஒண்ணும் இல்லீங்க. பஸ்ஸுல வாந்தி எடுப்பா. தண்ணிகூட வேணாம்னு நான்தான் சொல்லி இட்டுக்கினு வந்தேன். எறங்குனதுமே ஓடச் சொல்லிட்டாங்க. மேல குளுகுளுன்னு இருக்கும், வெறும் வயித்துலயே ஓடுவா. கீழ இப்படிக் கொளுத்தும்னு தெரியலீங்க."

அவள் முகத்தில் தண்ணீர் தெளித்து, குடிக்கக் கொடுத்தேன்.

மாலையில் பேருந்து நிலையத்தில் அவர்களை மறுபடி பார்த்தேன். மலைக்குப் போகும் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. அவர் சாமைச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து மகளிடம் நீட்டினார். அவள் பஸ்ஸைப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று தலையாட்டினாள்.

"நீ சாப்புடு கண்ணு. நாம நடந்தே பூடலாம்."

பஸ் போய்விட்டது. மலை எவ்வளவு தூரம் என்று அவருக்குத் தெரியாதா என்ன?