லேப்பில் பார்த்த முகம்

செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே கால் வைத்ததும் பாதத்தில் ஏறும் அந்தச் சில்லிப்பு... எங்கள் காலேஜ் கம்ப்யூட்டர் லேப் என்றாலே எனக்கு முதலில் வருவது அதுதான்.

கோவில்பட்டிக்கு வெளியே, உளுந்தும் மக்காச்சோளமும் விதைத்த கரிசல் காட்டுக்கு நடுவில் எங்கள் இன்ஜினியரிங் காலேஜ். ஏசி இருந்தது லேப்பில் மட்டும். இன்டர்நெட்டும் அங்கே மட்டும்தான். கதவில் ஒரு நோட்டீஸ்: நெட்வொர்க் படிப்புக்கு மட்டுமே, சாட்டிங்கும் வீடியோவும் கூடாது. சேரும்போதே எல்லாரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தோம்.

ஜெனி என் ஹாஸ்டல் ரூம்மேட். பசுவந்தனைப் பக்கம் ஒரு கிராமம். அப்பா மானாவாரி விவசாயி. மழை பெய்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. அவளைப் படிக்க வைத்தது அண்ணன் அந்தோணி. வளைகுடாவில் கட்டட வேலை.

மூன்றாம் வருஷம் அந்த அண்ணன் சாரத்திலிருந்து விழுந்துவிட்டான்.

வீட்டில் ஒரே ஒரு செல்போன். மாடியில் ஏறி நின்றால்தான் டவர் கிடைக்கும். அங்கிருந்து கால் வந்தாலும் பாதிப் பேச்சிலேயே அறுந்துவிடும். அந்தோணியோடு தங்கியிருந்த சிவகிரிக்காரர் ஒருவரிடம் லேப்டாப் இருந்தது. அதை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் வீடியோவில் அவனைக் காட்டுகிறேன் என்றார்.

மதிய இடைவேளையில் லேப் காலியாக இருக்கும். ஜெனி மூலையில் இருந்த சிஸ்டத்தில் உட்கார்ந்து, தடையைத் தாண்டிப் போகிற ஏதோ ஒரு சைட் வழியாக உள்ளே போவாள். கொஞ்ச நேரத்தில் திரையில் ஒரு முகம் வரும்... விட்டுவிட்டு, கட்டம் கட்டமாக உடைந்து. ஹெட்போன் கிடையாது. சத்தமே இல்லாமல் பார்ப்பாள். சிவகிரிக்காரர் டைப் அடிப்பார், இவளும் அடிப்பாள்.

சனிக்கிழமை ஊருக்குப் போய் அம்மாவிடம் அத்தனையும் சொல்வாள்.

கடைசியாக அவள் பார்த்தபோது நானும் பக்கத்தில் இருந்தேன். அந்தோணியின் தலையில் போட்ட கட்டு கண் வரைக்கும் இறங்கியிருந்தது. முகம் வீங்கி, வாய் கோணியிருந்தது. பேசவில்லை. இரண்டு விரலை மட்டும் லேசாகத் தூக்கினான். ஜெனி திரையைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் அவளுடைய லாகின் வேலை செய்யவில்லை.

நெட் ஸ்லோ என்று யாரோ புகார் சொல்லியிருக்கிறார்கள். தேடிப் பார்த்தால் இவள் ரோல் நம்பர். நோட்டீஸ் போர்டில் ஏற்றிவிட்டார்கள்: 'நெட்வொர்க்கைத் தவறாகப் பயன்படுத்தியதால் செமஸ்டர் முடியும்வரை தடை.' பையன்கள் அந்த நம்பரைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்கள். ஒரு பெண் மதியம் தனியாக உட்கார்ந்து வீடியோ சாட் செய்தால் என்ன நினைப்பார்களோ, அதைத்தான் நினைத்தார்கள்.

அவள் அப்பாவை வரச் சொன்னார்கள். வெள்ளை வேட்டி சட்டையில் பஸ் ஏறி வந்தார். துறைத்தலைவர் அறையில், உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"எம் மவளத் தப்பா நெனைக்காதீய சார். அவ பாத்தது அவ அண்ணனைத்தான். அங்கன ஆஸ்பத்திரில கெடக்கான். இவ வந்து சொன்னாத்தான் அவ அம்மை சோறு திங்கா."

துறைத்தலைவரும் எழுந்து நின்றார். கெட்ட மனிதரும் இல்லை அவர்.

"எனக்குப் புரியுதுங்க. ஆனா ஒருத்தருக்கு விட்டா எல்லாரும் வந்து நிப்பாங்க. ரூல்னு ஒண்ணு இருக்குல்லா?"

வெளியே வந்து அப்பா ஜெனியைத் திட்டவில்லை. "படிப்பை மட்டும் விட்டுராத" என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தார்.

அன்று ராத்திரி என் லாகினை எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.

"வேண்டாம்டீ. ஒன் நம்பரும் போர்டுல ஏறணுமா? ஒங்க அப்பாவும் வந்து அங்கன கைகட்டி நிக்கணுமா?"

ஞாயிற்றுக்கிழமை அவுட்டிங்கில் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போனோம். உட்கார்ந்து, அவள் பாஸ்வேர்டு அடிக்கும்போதே கரண்ட் போய்விட்டது. அது மின்வெட்டுக் காலம்.

"அண்ணாச்சி, எப்ப வரும்?"

"அது எப்பன்னு யாருக்கும்மா தெரியும். இருந்து பாருங்க."

இருந்தோம். ஃபேன் நின்ற அறையில், கறுத்த திரைக்கு முன்னால். வார்டன் சொன்ன நேரம் நெருங்கியதும் எழுந்து வந்தோம்.

அடுத்த ஞாயிறு வருவதற்கு முன்னால் அவள் அப்பா வார்டனுக்குப் போன் செய்துவிட்டார்.

அந்தோணியின் உடலோடு பெட்டி ஊருக்கு வர வாரக்கணக்கில் ஆனது. திறக்க வேண்டாம் என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். சர்ச்சில் அந்த மூடிய பெட்டி மேல் கையை வைத்துக்கொண்டு அவள் அம்மா கேட்டார்.

"நீ பாத்தியேட்டி... கடைசியா எம் புள்ள மூஞ்சி எப்படி இருந்துச்சு? சொல்லு."

"சிரிச்சான்மா" என்றாள் ஜெனி.

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த செமஸ்டர் லாகினைத் திருப்பிக் கொடுத்தார்கள். ப்ராக்டிகலுக்குத் தவிர அவள் அதைத் தொடவில்லை. பாஸ் செய்தாள். கழுகுமலையில் கல்யாணம் செய்துகொடுத்தார்கள்.

நான் இப்போது வேறு ஊரில் ஒரு காலேஜில் பாடம் எடுக்கிறேன். மரத்தடியில்கூட வைஃபை. புதுப் பிள்ளைகள் ரூல்ஸைப் படிக்காமலே 'ஐ அக்ரீ' அழுத்திவிட்டுப் போகிறார்கள். பாதிப் பேர் பாக்கெட்டில் சொந்த டேட்டா.

போன மாதம் நெட்வொர்க் விதிகளைத் திருத்த ஒரு கமிட்டி போட்டார்கள். என்னையும் சேர்த்தார்கள். தடை விதிக்கும் முன் மாணவரைக் கூப்பிட்டுக் காரணம் கேட்க வேண்டும், வீட்டில் அவசரம் என்றால் அனுமதிக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தேன். ஜெனி கதையையும் சொன்னேன். எல்லாரும் உச்சுக்கொட்டினார்கள். "பாவம்தான் மேடம்... ஆனா மிஸ்யூஸ் பண்ணிடுவாங்க" என்று அந்த வரியை எடுத்துவிட்டார்கள். நானும் கடைசியில் கையெழுத்துப் போட வேண்டியதாகிவிட்டது.

இதை ஜெனியிடம் சொல்லவில்லை. அவ்வப்போது பேசுகிறோம். நல்ல போன் வைத்திருக்கிறாள், நெட்டும் உண்டு. ஆனால் வீடியோ கால் போட்டால் மட்டும் எடுக்கமாட்டாள். கட் செய்துவிட்டு, சாதாரணக் காலில் திரும்பக் கூப்பிட்டு, "சொல்லுட்டீ" என்பாள்.