காக்கிப் புடவை கட்டிய சந்திராம்மா

சந்திராம்மா போய்விட்டார். இன்று மத்தியானம், புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில்...

பாப்பாவுக்குக் காய்ச்சல். மடியில் போட்டுக்கொண்டு ஒரு கையால் டைப் செய்கிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

காலேஜ் கடைசி வருஷம் நானும் ஃப்ரெண்ட்ஸும் எடுத்த டாக்குமெண்டரி அவரைப் பற்றியதுதான். நிறைய பேர் பார்த்திருக்க மாட்டீர்கள்.

எண்பதுகளின் தொடக்கம். அரியமங்கலத்தில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தார். திருநங்கை என்ற சொல்கூட அப்போது புழக்கத்தில் இல்லை.

முடி வளர்த்து, பொட்டு வைத்துக்கொண்டு போன அன்றைக்கே முதலாளி நிறுத்திவிட்டார். ஒழுங்காக யூனிஃபார்மில் வந்தால் வேலை, இல்லையென்றால் கிளம்பு என்றாராம்.

தன் காக்கிச் சட்டை, பேன்ட் எல்லாவற்றையும் தையல் பிரித்தார். கூட வேலை செய்தவர்களிடம் பழசையும் கேட்டு வாங்கினார். எல்லாவற்றையும் ஒட்டுப்போட்டு ஒரு புடவை! அதைக் கட்டிக்கொண்டு தினமும் ஷிஃப்ட் விடும் நேரத்தில் கேட்டில் போய் நின்றார்.

“என்ன ஏட்டம்மா, யாரைப் பிடிக்க வந்தீங்க?” என்பார்களாம் வெளியே வருபவர்கள்.

“உங்க மொதலாளியத்தான். யூனிஃபார்ம்ல வரச் சொன்னாரு, வந்துட்டேன்.”

வேலை திரும்பக் கிடைக்கவே இல்லை. அப்புறம் ஸ்ரீரங்கத்தில் தையல்தான், கடைசிவரை.

ஷூட்டிங்கில் அதே புடவையைக் கட்டிக் காட்டினார். எதற்கெடுத்தாலும் பயப்படுகிற ஆள் நான். பயமாக இல்லையா என்று கேட்டேன்.

“இல்லாம இருக்குமா கண்ணு? கால் நடுங்குறது தெரியக் கூடாதுன்னுதான் அவ்வளவு கொசுவம் வச்சேன்.”

என் வளைகாப்புக்கு வந்தவர், ஹாலுக்குள் வராமல் செருப்பு விடும் இடத்திலேயே நின்றுவிட்டார். என் மாமியார்தான் போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்தார்...

சாயங்காலம் அவருடைய அண்ணன் மகன் போன் செய்தான். பேனருக்கு போட்டோ வேண்டுமாம். “பேன்ட் சட்டையில ஏதாச்சும் இருக்காக்கா? சொந்தக்காரங்க எல்லாம் வராங்க...” அழுதுகொண்டேதான் கேட்டான். வேட்டி கட்டித்தான் படுக்க வைத்திருக்கிறார்களாம்.

காக்கிப் புடவை படத்தை அனுப்பினேன். என்னிடம் வேறு இல்லை என்றேன். பார்த்துவிட்டான்.

அதே படத்தைத்தான் இங்கேயும் போட்டிருக்கிறேன். எதுக்கு வம்பு என்கிறார் வீட்டுக்காரர். வம்பு வரலாம்தான்...

நாளை காலை காட்டூரில், அண்ணன் வீட்டிலிருந்து எடுக்கிறார்கள். போகிறவர்களுக்கு ஒன்று. பேனரில் வேறு பெயர் இருக்கும். உள்ளே வேட்டி சட்டையில் ஒருவர் படுத்திருப்பார். வீடு மாறி வந்துவிட்டோமோ என்று திரும்பிவிடாதீர்கள்.

அது சந்திராம்மாதான். அந்தப் பெயரைச் சொல்லி வழியனுப்புங்கள்.