ஸ்டூடியோக்காரர் வரைந்த ஜடை

நடந்தது இதுதான்:

1. எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்து, இரும்புலியூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தேன். அடையாள அட்டைக்குப் படம் கேட்டார்கள்.

2. சேலையூர் கேம்ப் ரோட்டில் ஒரு ஸ்டூடியோவில், கிராப்புத் தலையும் சட்டையுமாக, எப்போதும் இருப்பதுபோலவே படம் எடுத்துக்கொண்டேன்.

3. கைக்கு வந்த படத்தில் எனக்குப் பொட்டும் தோடும் இருந்தன. தோள்மேல் ஒரு ஜடை தொங்கியது. எல்லாம் தூரிகை வேலை.

"என்ன சார் இது?"

"டச்சப்மா. ஃப்ரீயாதான் பண்ணிகீறேன்" என்றார் ஸ்டூடியோக்காரர். "மொட்ட போட்டு முடி மொளைக்குதுன்னு நெனச்சேன். வேண்டுதல் முடிச்சிட்டு வர்ற பொண்ணுங்கோ அல்லாரும் ஜடை வரைஞ்சி குடுன்னுதான் கேப்பாங்கோ."

"வேண்டுதல் இல்ல சார். நானாத்தான் வெட்டிக்கிட்டேன்."

"அப்போ டைபாய்டா?"

இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லியே அலுத்துவிட்டது. கோயில் அல்லது காய்ச்சல். மூன்றாவது காரணம் யாருக்கும் தோன்றுவதில்லை. நான் ஆணாக ஆசைப்படவில்லை. பெண்ணாக இருக்க ஜடை வேண்டும் என்றும் நினைக்கவில்லை. இந்தத் தலை எனக்குப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

மறுநாள் காலை படம் கொடுத்தாக வேண்டும். வேறு வழியில்லாமல் அதையே கொடுத்தேன். அட்டையும் வந்தது. முதல் நாளே வாசலில் காவலாளி அட்டையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"யார்மா இது, உன் தங்கச்சியா? அந்தப் பொண்ண வரச் சொல்லு."

வரிசையில் பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்: "ஜடைய வூட்ல வெச்சிட்டு வந்துட்டாங்கோ, வுட்ருங்கண்ணா!"

எல்லோரும் சிரித்தார்கள். சூப்பர்வைசர் வந்து சொன்ன பிறகுதான் உள்ளே விட்டார்கள். அடுத்த நாளும் அதே காவலாளி, அதே கேள்வி.

மூன்றாம் நாள் மாலை மறுபடி ஸ்டூடியோவுக்குப் போனேன். "மூஞ்சில பரு இருந்தாக்கூடத் தொடாதீங்க சார்" என்றேன். தூரிகையைக் கீழே வைக்க அவருக்கு மனசே வரவில்லை. "நல்லாவே இருக்காதும்மா. அப்பால என்னிய கேக்கக் கூடாது" என்று முனகிக்கொண்டே எடுத்துக் கொடுத்தார்.

அட்டையில் இப்போது இருப்பது நான்தான். காவலாளி தலையசைத்து விட்டுவிடுகிறார்.

ஜடைப் படத்தின் மிச்சப் பிரதிகளை அம்மா எடுத்துக்கொண்டாள். அதில் ஒன்று கல்யாணத் தரகர் வழியாகக் கீழ்க்கட்டளைக்குப் போய், அங்கே ஒரு குடும்பத்துக்குப் பிடித்தும் விட்டது. ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள். சவுரி வைத்துக்கொள் என்கிறாள் அம்மா. நான் வைத்துக்கொள்ளப் போவதில்லை.