பச்சையில்லாக் கிளை

தம்பியின் செடி நர்சரியில் அவளுக்குச் செக்கிங்கம்மா என்று பெயர் வைத்தது தம்பி மனைவிதான். ஆயத்த ஆடைக் கம்பெனியில் பாதி ஆயுளைச் செக்கிங் மேசையிலேயே கழித்தவள். கோடு போட்ட சட்டையின் தையலில் ஒரு நூல் விலகியிருந்தாலும் அவள் விரல் அங்கே போய் நின்றுவிடும். கணவர் போய்ச் சேர்ந்து, கம்பெனியும் மூடியபோது, தம்பி வந்து, "என் கூட வந்துடுக்கா" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டான். வந்த வாரமே டப்பா மூடிகள், கொடியில் கிடந்த துணிகள், நர்சரித் தொட்டிகள் எல்லாம் சோதனைக்கு ஆளாயின.

"அண்ணி, என்னையும் பார்த்து ஒரு முத்திரை குத்திடுங்க. பாஸா ஃபெயிலான்னு தெரிஞ்சா நிம்மதியாத் தூங்குவேன்" என்றாள் தம்பி மனைவி.

"பாஸ்தான். வாய் மட்டும் ரெண்டு இஞ்ச் நீளம். மடிச்சுத் தைச்சா சரியாயிடும்."

அன்றிலிருந்து இருவருக்கும் ஒத்துப்போயிற்று.

பச்சையும் வெள்ளையும் கலந்த இலைச் செடிகள் அவள் கைக்கு வந்தது அந்தப் பழைய வேலையால்தான். குச்சி வெட்டி வைக்கிறவர்கள் எல்லோரும் அழகான இலையாகப் பார்த்து வெட்டுவார்கள். பாதி செத்துப்போகும். செத்த குச்சிகளை அவள் குப்பையில் போடாமல், ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இலையில் ஒன்றும் இல்லை, விஷயமெல்லாம் தண்டில் இருந்தது. தண்டில் இரண்டு நிறமும் கோடு கோடாக ஓடும். எந்தக் கோட்டின் மேல் கணு முளைக்கிறதோ அந்த நிறத்தில்தான் துளிர் வரும். வெள்ளைக் கோட்டில் முளைத்தால் துளிர் முழு வெள்ளை. பச்சை இல்லாத இலைக்கு வெயிலை வைத்துச் சமைத்துச் சாப்பிடத் தெரியாது. தண்டில் இருப்பதைத் தின்று தீர்த்துவிட்டுக் கருகிப் போகும். அவள் இரண்டு கோடும் சந்திக்கிற இடமாகப் பார்த்து வெட்டினாள். அவள் வைத்தவை பிழைத்தன.

அப்படியிருந்தவள் ஒரு முழு வெள்ளைக் கிளைக்கு ஆசைப்பட்டாள். இருநிறச் செம்பருத்தி ஒன்றில் அது திடீரென்று கிளம்பியிருந்தது. பொட்டுப் பச்சை கிடையாது; இலை நுனிகளில் மட்டும் இளஞ்சிவப்பு.

"வெட்டிப் போடுக்கா. அது வாழாது" என்றான் தம்பி. ரோஜா ஒட்டுக் கட்டுவதில் கெட்டிக்காரன்.

"தனியா வாழாதுதான். சம்பாதிக்கிற வீட்ல குடி வச்சா?"

முழுப் பச்சைச் செம்பருத்தி ஒன்றின் தலையைக் கழித்து, அதில் வெள்ளைக் கிளையை ஒட்டுக் கட்டினாள். ஒட்டுக்குக் கீழே இரண்டு பச்சைத் துளிர்களை மட்டும் விட்டுவைத்தாள். மேலே இருக்கிற வெள்ளைக்கு அவைதான் சோறு போட வேண்டும். ஒட்டுப் பிடித்தது. தாய்ச்செடியோ கத்தரித்த பிறகு முழுக்கப் பச்சையாகவே துளிர்த்துவிட்டது. வெள்ளை என்று மிஞ்சியது இந்த ஒரு கிளைதான்.

நிழல்வலைக்குள் ஒரு மூலையை அவள் தனக்கென்று கேட்டிருந்தாள். தம்பி அங்கே ரோஜா வைக்க நினைத்திருந்தான். "இந்த வெள்ளை நிலைச்சு நின்னா மூலை உனக்கு" என்றான், சிரித்துக்கொண்டேதான். அவள் சிரிக்கவில்லை. அந்த வீட்டில் சாப்பாட்டுக்கு அவளிடம் யாரும் முகம் சுளித்ததில்லை. ஆனாலும் தண்ணீர் ஊற்றுகிற கையாக மட்டும் இருந்துவிட அவளுக்கு மனசில்லை.

கிளையில் ஒரு மொட்டுகூட வந்தது. பூ என்ன நிறம் என்று பார்க்கத் தம்பி மனைவி காலையும் மாலையும் வந்து எட்டிப் பார்த்தாள்.

ஒரு காலை செக்கிங்கம்மா நிழல்வலைக்குள் போனபோது தம்பி அந்தத் தொட்டி முன்னால் அசையாமல் நின்றிருந்தான். ரோஜாவில் ஒட்டுக்குக் கீழே வரும் துளிரை விடவே கூடாது; முளையோடு சுரண்டி எடுத்துவிட வேண்டும். போகிறபோக்கில் அவன் கை அதைத்தான் செய்திருந்தது. இரண்டு பச்சைத் துளிரும் தரையில் கிடந்தன. அடித்தண்டு மழமழவென்று இருந்தது.

"கை போயிடுச்சுக்கா" என்றான்.

"இந்தக் கைக்கு ஒரு பூட்டு வாங்கணும்" என்று பின்னால் வந்த மனைவி கத்தினாள். "டீ டம்ளரக் குடுத்தாக்கூடக் கீழ துளிர் இருக்கான்னு தடவிப் பார்க்கிற கை!"

செக்கிங்கம்மா திட்டவில்லை. குனிந்து தண்டை நகத்தால் லேசாகக் கீறிப் பார்த்தாள். ஈரம் இருந்தது.

"வேர்ல கொஞ்சம் சோறு சேர்த்து வச்சிருக்கும். அது தீர்றதுக்குள்ள வேற பச்சை சேர்த்தாகணும். கத்திய எடு."

முதலில் மொட்டைக் கிள்ளினாள்.

"ஐயோ அண்ணி! என்ன கலர்னே பார்க்கலையே!"

"பூத்துக் காட்டிட்டுச் சாகறதுக்கா? வேணாம்."

பிறகு அதே உயரத்தில் ஒரு பச்சைச் செம்பருத்தியைத் தொட்டியோடு இழுத்து வந்து பக்கத்தில் வைத்தாள். அதன் கிளையை வெட்டாமல் வளைத்து, அதிலும் வெள்ளைக்குக் கீழுள்ள தண்டிலும் ஒரே நீளத்துக்குப் பட்டையைச் சீவச் சொன்னாள். தம்பி சீவினான். இரண்டு காயத்தையும் அவன் சேர்த்துப் பிடித்தபோது பட்டையின் ஓரம் விலகியது.

"ஆட்டாதே. ஓரத்தோட ஓரம் சேரணும். சட்டைப் பையில கோடு சேர்க்கிற மாதிரி."

சேர்த்துவிட்டு நாடாவைச் சுற்றினாள். மேலே கண்ணாடித்தாள் பையைக் கவிழ்த்தாள்.

அதன்பிறகு காத்திருப்புதான். வெள்ளை இலை ஒன்று ஓரம் கருகி விழுந்தது. இன்னொன்றும் விழுந்தது. அவள் அவற்றைப் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். தம்பி அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு போனான். "மந்திரி வர்றார், வழி விடுங்க" என்றாள் மனைவி.

நுனியில் ஒரே ஒரு இலை மட்டும் நின்றபோது செக்கிங்கம்மாவுக்கே நம்பிக்கை ஆட்டம் கண்டது. அந்த ஒற்றை இலை விழவில்லை. அதன் கக்கத்தில் அரிசி மாதிரி ஏதோ தெரிந்தது. சில நாளில் அது விரிந்து, சுத்தமான வெள்ளையில் ஒரு குட்டி இலை ஆயிற்று. அதன் பின்னாலேயே இன்னொன்று.

தம்பி கத்தியோடு வந்தான். கட்டு பிடித்துவிட்டால் பக்கத்துச் செடியின் கிளையை வெட்டிப் பிரிப்பதுதான் வழக்கம். ஆனால் இந்தத் தடவை கத்தியைத் திறக்காமலே கேட்டான்.

"வெட்டலாமாக்கா?"

"எதுக்கு? சோறு வர்ற வழிய அடைக்கவா?"

"ரெண்டு தொட்டியச் சேர்த்து யார்க்கா வாங்குவா?"

"விக்கிறதுக்குன்னு யார் சொன்னா? இதுலருந்து கிளை எடுத்து இன்னும் நாலு பேர் மேல கட்டப் போறேன். எல்லாமே ஜோடித் தொட்டிதான். இடம்தான் நிறைய வேணும்."

அவன் கத்தியைச் சட்டைப்பைக்குள் போட்டான். மூலைக்காக எடுத்து வைத்திருந்த ரோஜாத் தொட்டிகளை, இரு கையிலும் ஒவ்வொன்றாக, வெளியே தூக்கிக்கொண்டு போனான்.