பித்தளைத் துண்டும் ஊதுகுழலும்

என் கணவரின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி அன்று, ஐயர் கிரியையை முடித்துப் புறப்படுவதற்கு முன்பே, முற்றத்தில் உழவு இயந்திரம் உறுமுகிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். கணவரின் தமையனும் இரண்டு கூலியாட்களும் எங்கள் கொம்பிரசரைக் கயிறு போட்டு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சுருவில் வீதியோரம், வீட்டோடு சேர்த்து நாங்கள் ரயர் கடை வைத்திருந்தோம். காற்றடிக்கிற அந்த இயந்திரம்தான் எங்கள் சோறு. என் சீதனக் காப்பை விற்று வாங்கியது. அது தமையனுக்கும் தெரியும்.

"அத்தான், அது கடைச் சாமான்" என்றேன்.

"கடை ஆற்றை? என்ரை தம்பியின்ரை. பொம்பிளைக்கு என்னத்துக்குக் காத்து, பிள்ளை? அடுப்பூதவோ?"

பந்தியில் இருந்தவர்களில் சிலர் சிரித்தார்கள். யார் யார் சிரித்தார்கள் என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன். அதோடு விட்டாரா? அடுத்த நாள் காலையில் கூலியாள் ஒருவனிடம் இரும்பு ஊதுகுழல் ஒன்றைக் கொடுத்து அனுப்பினார். கடையில் வாங்கிய புதுக் குழல். பகிடியாம்.

அதை நான் வீசி எறியவில்லை. குசினியில் அடுப்புக்குப் பக்கத்திலேயே சாத்தி வைத்தேன். ஒவ்வொரு விடியலிலும் அதை எடுத்து ஊதும்போது அவருடைய முகத்தை நினைத்துக்கொள்வேன். அடுப்பு நன்றாகப் பிடித்தது. அத்தான் என்று கூப்பிடுவதை அன்றோடு விட்டேன்.

கார்ச் சில்லை இறுக்கும் ஒரு சுரையைக்கூடக் கழற்றிப் பூட்டத் தெரியாத புகையிலைத் தோட்டக்காரருக்குக் கொம்பிரசர் எதற்கு? கார் ஓட்டப் பந்தயத்துக்குத்தான். இறக்குமதியைத் திறந்துவிட்ட காலம் அது. கோடையில் அல்லைப்பிட்டிப் பக்கத்துத் தரவை வெளி வெடித்துக் காய்ந்து கிடக்கும். தெற்கே கடை வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளைகள் லீவில் வந்து, பழைய ஒஸ்ரினையும் மொறிஸையும் அங்கே புழுதி பறக்க ஓட்டுவார்கள். தார்ப் பீப்பாய்களைச் சுற்றிச் சுற்றி வர வேண்டும். பாதி ஓட்டத்தில் கிடுகுக் கொட்டிலடியில் காரை நிறுத்தி, நாலு சில்லையும் கழற்றி வேறு சில்லுப் பூட்டிக்கொண்டு போக வேண்டும் என்பது அவர்கள் வைத்த சட்டம். சனம் பார்க்க வருவதே அந்தக் கொட்டிலடியைத்தான்.

புங்குடுதீவு வியாபாரக் குடும்பத்துப் பெடியன் ஒருவன் சிங்கப்பூரிலிருந்து சில்லுக் கழற்றுகிற துவக்கு ஒன்று எடுப்பித்திருந்தான். காற்றைக் கொடுத்தால் சில்லுச் சுரைகளைச் சடசடவென்று கழற்றிவிடும். கரண்ட் இல்லாத வெளியில் காற்றுக்கு எங்கே போவது? எங்கள் கொம்பிரசர் மண்ணெண்ணெய் எஞ்சினில் ஓடுவது. அதனால் என் கணவர்தான் அதை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் அவனுக்குக் காற்றுக் கொடுத்து வந்தார். ஓட்டம் முடிந்ததும் எல்லாரும் அவரைத் தோளில் தட்டிப் பேசுவார்கள். தமையனுக்கு அதில்தான் கண். தோட்டத்துக்கு நீர் இறைக்கிற எஞ்சினைப் போலத்தானே, இழுத்து ஸ்டார்ட் பண்ணினால் முடிந்தது என்று நினைத்துவிட்டார்.

ஒன்று அவருக்குத் தெரியாது. அந்தத் துவக்கின் வாயும் எங்கள் காற்றுக் குழாயின் வாயும் ஒன்றோடொன்று பொருந்தாது. என் கணவர் யாழ்ப்பாணத்தில் ஒரு கடைச்சல் பட்டறையில் சொல்லி, இரண்டையும் இணைக்கப் பெருவிரலளவில் ஒரு பித்தளைத் துண்டு செய்வித்திருந்தார். தொலைந்துபோகும் என்று என்னிடம் தந்து வைப்பார். அது என் தையல் மெசின் லாச்சிக்குள் கிடந்தது. கொம்பிரசரை ஏற்றினார்கள், குழாயை ஏற்றினார்கள், ரயர் நெம்புகிற கம்பிகளையும் விட்டுவைக்கவில்லை. லாச்சியைத் திறக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. கோடை வரட்டும் என்று கறுவிக்கொண்டிருந்தேன்.

ஓட்டத்தன்று பித்தளைத் துண்டைச் சீலைத் தலைப்பில் முடிந்துகொண்டு தரவைக்குப் போனேன். வெள்ளைச் சீலையோடு ஒருத்தி கார் ஓட்டம் பார்க்க வந்திருக்கிறாள் என்று முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும். சனத்தை மறித்துக் கட்டியிருந்த கயிற்றுக்கு முன்னால், கொட்டிலுக்கு நேரெதிரே போய் நின்றேன்.

வாய்கள் பொருந்தாததைத் தமையன் அன்று காலையில்தான் கண்டிருக்கிறார் போலும். குழாய் வாயைத் துவக்கில் செருகி, சைக்கிள் ரியூப்பைக் கீலங்கீலமாகக் கிழித்து இறுக்கிச் சுற்றி, மேலே கட்டுக்கம்பியும் போட்டிருந்தார். மெல்லக் காற்றுவிட்டுப் பார்த்தபோது பிடித்துக்கொண்டது. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சனத்தைப் பார்த்துச் சிரித்தார். முழுக்காற்று ஏறினால் அந்தக் கட்டு நிற்காது என்று எனக்குத் தெரியும். வாய் திறக்கவில்லை. குழாய் அறுந்து அடிக்கும்போது வேறு யாருடைய கண்ணிலும் பட்டுவிடக் கூடாது என்று மட்டும் வேண்டிக்கொண்டேன். அவருடைய கண்ணைப் பற்றி நான் ஒன்றும் வேண்டவில்லை.

முதல் ஓட்டத்தில் பெடியனின் கார்தான் முன்னுக்கு வந்தது. கொட்டிலடியில் நின்றதும் அவர் துவக்கை எடுத்துச் சுரையில் வைத்து அழுத்தினார். ஒரு வெடிச் சத்தம். கட்டு அறுந்து குழாய் பாம்புபோலத் துள்ளி, அவருடைய வேட்டியைச் சுழற்றி அடித்துக் கிழித்து, புழுதியை அள்ளி முகத்தில் கொட்டியது. சனம் விழுந்து விழுந்து சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அவசரப்படவில்லை. கையால் சுரை கழற்றி முடிப்பதற்குள் மற்றக் கார்கள் எல்லாம் போய்விட்டன.

"அண்ணை, போன வரியம் உங்கடை தம்பி ஒரு பித்தளைச் சாமான் போட்டவரே, அது எங்கை?" என்று பெடியன் கத்தினான். பின்னேரம் இரண்டாவது ஓட்டம் இருந்தது.

அவர் நாலு பக்கமும் பார்த்தார். நான் சீலைத் தலைப்பை அவிழ்த்து, உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன். கிழிந்த வேட்டியைப் பிடித்தபடி கயிற்றடிக்கு வந்தார்.

"பிள்ளை, தாரும். ஓட்டம் முடியத் திருப்பித் தாறன்."

"கொம்பிரசர் ஆற்றை?"

"உதைப் பிறகு வீட்டை இருந்து கதைப்பம்."

"அண்டைக்குத் தனிய இருந்தோ கதைச்சனீங்கள்? சபையிலைதானே. இஞ்சையும் சபைதான்."

பெடியன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். "அண்ணை, அக்கா கேக்கிறதுக்குப் பதிலைச் சொல்லுங்கோ. காத்தில்லாமல் என்னாலை ஓட ஏலாது."

அவர் நிலத்தைப் பார்த்து ஏதோ சொன்னார்.

"கேக்கேல்லை" என்றேன்.

"உம்மடைதான். கொம்பிரசர் உம்மடைதான், பிள்ளை."

இந்த முறை எனக்குப் பின்னால் நின்ற சனத்துக்கும் கேட்டது. அந்தியேட்டிப் பந்தியில் சிரித்தவர்கள் இரண்டு பேர் அங்கே நின்றார்கள். இப்போது அவர்களுக்கு வேறெங்கோ பார்க்க வேண்டியிருந்தது.

கயிற்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன். முதலில் கொம்பிரசரின் காற்றுத் தாங்கிக்கு அடியில் இருந்த திருகைத் திறந்துவிட்டேன். காற்றோடு உள்ளே சேர்ந்து துருவேறியிருந்த கறள் தண்ணீர் கொடகொடவென்று ஊற்றியது. கொண்டுபோன நாள் முதல் அவர் ஒருநாள்கூட அதைத் திறந்திருக்கவில்லை. பிறகு பித்தளையைப் பூட்டினேன். பின்னேரம் அந்தத் துவக்கு என் காற்றில்தான் சடசடத்தது. பெடியன் முதலாவதாக வந்தானா, இரண்டாவதாக வந்தானா என்று நான் நின்று பார்க்கவில்லை. உழவு இயந்திரத்தில் கொம்பிரசரை ஏற்றச் சொல்லி, தமையனையே ஓட்டவும் சொன்னேன். கடைச் சீமெந்துத் தரையில் அதன் கால்கள் பதிந்திருந்த பழைய அடையாளத்திலேயே இறக்கி வைத்துவிட்டுப் போனார்.

கடையை மறுபடி திறந்தேன். தரவை ஓட்டத்துக்கு நானே காற்றுக் கொண்டுபோனேன். தமையன் தன் சைக்கிளுக்குக் காற்றுப்போனால் என் வாசலைத் தாண்டி வேலணை வரை உருட்டிக்கொண்டு போவார். அவர் போகும்போது வேலை இல்லாவிட்டாலும் எஞ்சினை ஓட விடுவேன். மண்ணெண்ணெய் வீண்தான். அந்தச் சத்தம் அவருக்குக் கேட்காமல் விட எனக்குப் பொறுக்கவில்லை.

இப்படிச் சில வருடங்கள் போயின. ஒரு சித்திரை மத்தியானம் அவர் காற்றுப்போன சைக்கிளை உருட்ட முடியாமல் என் வாசலில் நின்றார். வயது போய்விட்டது. மூச்சு இளைத்தது. கடையில் மூன்று நாலு பேர் காத்திருந்தார்கள்.

"பிள்ளை, கொஞ்சம் காத்து."

தாங்கி நிறையக் காற்று இருந்தது. குழாய் என் கையிலேயே இருந்தது. அதை வைத்துவிட்டு, குசினிக்குள் போய், கரி பிடித்துக் கறுத்திருந்த ஊதுகுழலை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தேன்.

"ஆம்பிளைக்கு என்னத்துக்குக் காத்து? இந்தாங்கோ, ஊதுங்கோ."

காத்திருந்தவர்களில் ஒருவன் சிரித்தான். அவர் குழலைக் கைப்பிடியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, சைக்கிளை உருட்டியபடி வெயிலில் போனார். அன்று மாலை அடுப்பு மூட்ட எனக்குக் குழல் இல்லை. சந்திக்குப் போய்ப் புதிதாக ஒன்று வாங்கினேன். சந்தோஷமாக வாங்கினேன்.