ஆள் பார்த்து ரிப்பேர் ஆகும் தாழ்ப்பாள்

பத்து நிமிடத்துக்கு முன்னால் நன்றாக மூடித் திறந்த ஒரு தாழ்ப்பாள், உள்ளே போகிற ஆள் மாறியதும் ரிப்பேர் ஆகிவிடுமா?

பாத்திரம் தேய்க்கும்போது யோசித்தேன். பாப்பாவுக்குத் தலை பின்னும்போது யோசித்தேன். பதில் கிடைக்கவில்லை. கிடைத்த ஒரே பதிலை ஏற்றுக்கொள்ள மனம் வரவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன்... நீங்களே பாருங்கள்.

போன வாரம் டோல்கேட் பக்கம் ஒரு பொட்டிக் துணிக்கடைக்குப் போனோம், நானும் தேவி அக்காவும். அக்காவுக்குத் திருவொற்றியூர் குப்பத்தில் வீடு. கணவர் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறார். காலையில் காலடிப்பேட்டையில் எங்கள் தெருமுனையில் அக்கா மீன் விற்பார். ஆனால் எங்கள் பழக்கம் மீனில் ஆரம்பிக்கவில்லை, தடுப்பூசியில் ஆரம்பித்தது. என் மகள் யாழினிக்கும் அவர் மகன் நித்திஷுக்கும் ஒரே நாளில் ஊசி போட்டார்கள். இரண்டு குழந்தைகளும் சமாளித்துக்கொண்டன. நான்தான் வரிசையில் நின்று அழுதேன்.

"புள்ளையே கம்முனு கீது, நீ இன்னாத்துக்கும்மா அழுவுற?" என்று என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து எனக்கு அவர் அக்கா, அவருக்கு நான் யாழினிம்மா.

யாழினி போன வருடமே பள்ளியில் சேர்ந்துவிட்டாள். நித்திஷ் பால்வாடியில் இருக்கிறான். அவனையும் அதே பள்ளியில் சேர்க்க வேண்டும் என்பது அக்காவின் ஆசை. விண்ணப்பம் போட்டாயிற்று. குழந்தையோடு அம்மாவும் அப்பாவும் நேரில் வர வேண்டும் என்று தகவலும் வந்துவிட்டது. அதற்குப் பேட்டி என்று பெயர் கிடையாது. "சும்மா ஒரு சந்திப்பு" என்பார்கள். அந்தச் சும்மா சந்திப்புக்குப் போன வருடம் எனக்குக் காய்ச்சலே வந்தது என்பது வேறு விஷயம்.

"அக்கா, அன்னிக்குப் போட்டுக்க ஒரு நல்ல சுடிதார் எடுத்துடலாம்" என்று நான் சொன்னேன்.

ஆமாம், நான்தான் சொன்னேன். ஏன் சொன்னேன் என்பதற்குப் பிறகு வருகிறேன். அதுதான் இப்போது என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

துணி எடுக்க எங்கள் வடசென்னையில் எந்த பட்ஜெட்டுக்கும் இடம் உண்டு. எம்.சி. ரோட்டில் பிளாட்பாரத்துக் குவியலில் கைவிட்டுக் கிளறலாம். கொஞ்சம் உள்ளே போனால் கட் பீஸ். வீட்டு முன்னறையிலேயே ஹேங்கர் மாட்டி, வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி வியாபாரம் செய்கிற பெண்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். போட்டுப் பார்க்க வேண்டுமென்றால் அவர்கள் பெட்ரூமையே திறந்துவிடுவார்கள், "கட்டில் மேல மடிச்ச துணி இருக்கு, பாத்து" என்ற எச்சரிக்கையோடு. நான் எல்லா இடத்திலும் வாங்கியிருக்கிறேன். எங்கேயும் அவமானப்பட்டதில்லை.

ஆனால் அக்காவின் கண் அந்த ஏசி பொட்டிக்கின் மேல்தான்.

"பஸ்ஸுல போவ சொல்ல தெனம் பாக்குறேன். கண்ணாடில பொம்மைக்குப் போட்டுக்கீறாங்க பாரு, க்ரீம் கலரு... அத்தான் வேணும்" என்றார். காசு சேர்த்து வைத்திருந்தார். அப்புறம் நான் என்ன சொல்ல?

அன்று அக்கா வியாபாரம் முடித்து, வீட்டுக்குப் போய்க் குளித்து, பவுடர் போட்டு, பூனம் புடவை கட்டி, தலை நிறைய மல்லிப்பூ வைத்துக்கொண்டு வந்திருந்தார். நானோ காலையில் பாப்பாவைப் பள்ளியில் விடப் போன அதே குர்தாவில், தோளில் பால் கறையோடு. ஆனாலும் விற்பனைப் பெண் "வாங்க மேடம்" என்று சிரித்தது என்னைப் பார்த்துத்தான். இரண்டு பேர் நுழைந்தோம்; வரவேற்பு ஒருவருக்கு.

நான் எதுவும் வாங்கப் போகவில்லை. அந்தப் பெண்ணே ஒரு குர்தியை எடுத்து என் கையில் திணித்தார். "இது உங்களுக்கு சூப்பரா இருக்கும். சும்மா போட்டுப் பாருங்க மேடம், வாங்கணும்னு இல்ல." வேண்டாம் என்று சொல்லத் தெரியாத என் வழக்கப்படி, ட்ரையல் ரூமுக்குள் போனேன். தாழ்ப்பாள் போட்டேன். வாசல் கதவையே இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டுப் படுக்கிற ஆள் நான். இதையும் இழுத்துப் பார்த்தேன். உறுதியாக இருந்தது. எந்த கோர்ட்டில் வேண்டுமானாலும் சாட்சி சொல்வேன்.

வெளியே வந்தபோது, அக்கா க்ரீம் கலர் சுடிதாரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். முகமெல்லாம் சிரிப்பு.

"எம்மா, இத்தப் போட்டுப் பாக்கணும்."

விற்பனைப் பெண் கல்லாப் பக்கம் பார்த்தார். அங்கே உட்கார்ந்திருந்த கடைக்காரம்மா லேசாகத் தலையை ஆட்டினார். உடனே அந்தப் பெண் என் பக்கம் திரும்பினார்.

"ட்ரையல் ரூம் தாழ்ப்பாள் ரிப்பேர் மேடம்."

"இப்பதானே நான் உள்ள போய்ட்டு வந்தேன்?"

"இப்பதான் மேடம் ஆச்சு."

சிரிப்பு வருகிறதா? எனக்கும் இப்போது வருகிறது. அப்போது வரவில்லை. கடைக்காரம்மா எழுந்து வந்தார். என் வயதுதான் இருக்கும். ரகசியம் போலக் குரலைத் தாழ்த்திக்கொண்டார், ஆனால் அக்காவின் காதில் விழுகிற அளவுக்குத்தான் தாழ்த்தினார்.

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம். லைட் கலர். ஸ்மெல் பிடிச்சுட்டா அடுத்த கஸ்டமர் தொட மாட்டாங்க."

என்ன ஸ்மெல்? மல்லிப்பூ வாசமா? இவருக்கு எப்படித் தெரியும் அக்கா என்ன தொழில் செய்கிறார் என்று? பேச்சை வைத்தா? நிறத்தை வைத்தா? சரி, மீன் வாசனையே அடித்தது என்று வைத்துக்கொள்வோம். செவுளைத் திறந்து முகர்ந்து பார்த்து, "ஃப்ரெஷ்ஷா இருக்கே" என்று வஞ்சிரம் வாங்குவதும் இதே மூக்குதானே? விற்கிற கையில் மட்டும் அது எப்படி நாற்றமாகிறது?

இதையெல்லாம் நான் அங்கே கேட்டேனா? எங்கே கேட்டேன்... "எக்ஸ்கியூஸ் மீ, இது சரியில்லைங்க" என்றேன். அது மன்னிப்புக் கேட்பது போல இருந்திருக்கும். "வாங்க அக்கா, வேற கடைக்குப் போகலாம்" என்று கையைப் பிடித்து இழுத்தேன்.

அக்கா நகரவில்லை.

"வுடு யாழினிம்மா. எனுக்கு வேண்டியது துணி. இவங்க மரியாதையை வெச்சிகினு நான் இன்னா பண்ணப் போறேன்?" என்றவர், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, கடை நடுவில், புடவைக்கு மேலேயே அந்த டாப்பைத் தலைவழியாக மாட்டத் தொடங்கினார்.

"மேடம்... மேடம்..." என்று அந்தப் பெண் பதறினார். முதல் முறையாக அக்காவுக்கும் மேடம் கிடைத்தது.

"இன்னாம்மா? ரூம்புதான ரிப்பேரு? கண்ணாடி நல்லாதான கீது?"

கடையிலிருந்த இரண்டு கல்லூரிப் பெண்கள் சிரித்துவிட்டார்கள். அக்காவோடு சேர்ந்து சிரித்தார்கள் என்றுதான் அப்போது நினைத்தேன். இப்போது அதுவும் சந்தேகமாக இருக்கிறது.

முதலில் மாட்டியது மார்போடு நின்றது. அடுத்த சைஸ் இடுப்பில் கொசுவத்தில் சிக்கியது. எல்லாவற்றிலும் பெரிய சைஸ் ஒன்று வழுக்கிக்கொண்டு இறங்கியது. அக்கா கண்ணாடி முன்னால் இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்தார். "சோக்கா கீதுல்ல?" நானும் தலையாட்டினேன். கோபத்தில், அவமானத்தில், சீக்கிரம் வெளியே போனால் போதும் என்ற அவசரத்தில்... பி.காம். படித்த எனக்கு ஒரு விஷயம் தோன்றவே இல்லை. சந்திப்புக்குப் போகிற அன்று உள்ளே புடவை இருக்காது!

தினமும் துணி விற்கிற அந்தப் பெண்ணுக்குமா தோன்றவில்லை? மளமளவென்று மடித்து, பையில் போட்டுக் கொடுத்துவிட்டார்.

வீட்டில் போட்டுப் பார்த்தபோது தோள் இரண்டும் முழங்கைக்கு இறங்கின. கழுத்து இன்னும் கீழே போனது. நித்திஷ் அந்த டாப்புக்குள் தலையை விட்டு, "ம்மா, நானும் உள்ள கீறேன்" என்று கத்தினான். அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். நான் மறுநாளே பையைத் தூக்கிக்கொண்டு அவரோடு கடைக்குப் போனேன். எத்தனை சைஸ் குறைக்க வேண்டுமோ குறைத்து மாற்றிக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை. லேபிள் கூடக் கிழிக்கவில்லை.

கடைக்காரம்மா பையைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

"ட்ரையல் பார்த்த பீஸுக்கு எக்ஸ்சேஞ்ச் இல்ல மேடம். போர்டு இருக்கு பாருங்க."

"எங்கங்க ட்ரையல் பார்த்தாங்க? நீங்கதான் ரூமே தரலையே!"

"இங்க நின்னு போட்டுப் பார்த்தாங்களே... கேமராவுலயே இருக்கு."

அறை கேட்டபோது ட்ரையல் கிடையாது. மாற்றித் தரச் சொன்னால் ட்ரையல் ஆகிவிட்டது! எனக்குப் பின்னால், தாழ்ப்பாள் ரிப்பேர் ஆன அதே அறைக்குள்ளிருந்து ஒரு பெண் புது ட்ரெஸ்ஸில் வெளியே வந்து சுற்றிக் காட்டினார். மெக்கானிக் வந்து போனாரோ என்னவோ.

இந்த முறை கத்தினேன். உண்மையாகவே கத்தினேன். எனக்கே ஆச்சரியம். "ஆளுக்கு ஒரு ரூல் வெச்சிருக்கீங்களா? அதையும் போர்டுல எழுதி மாட்டுங்க" என்றேன். கடைக்காரம்மா "கஸ்டமர்ஸ் இருக்காங்க மேடம், ப்ளீஸ்" என்றார். நாங்கள் யாராம்?

வீட்டுக்கு வந்து என் கணவரிடம் கொட்டினேன். "சின்ன விஷயம், விடு. கடையை மாத்து" என்றார். உங்களிலும் சிலர் அப்படித்தான் நினைப்பீர்கள். நான் எழுதும் இதே பத்தியில் முன்பொரு முறை பள்ளிக்கூடப் பையின் கனத்தைப் பற்றி எழுதியபோதும் "சின்ன விஷயம்" என்று சிலர் எழுதியிருந்தீர்கள். சின்ன விஷயம்தான். பிளாட்பாரத்தில் ட்ரையல் ரூம் யாருக்கும் இல்லை; அங்கே யாரும் தலைகுனிவதில்லை. இருந்துகொண்டே ஒருவருக்கு மட்டும் இல்லை என்று சொல்லும்போதுதான் வயிறு எரிகிறது. காசு இரண்டு பேருடையதும் ஒரே கல்லாவில்தானே விழுகிறது? அதை மட்டும் யாரும் முகர்ந்து பார்ப்பதில்லை.

சரி, பிறகு வருகிறேன் என்று சொன்ன இடத்துக்கு வருகிறேன்.

நேற்று மாலை அக்கா வீட்டுக்கு வந்தார். டெய்லரிடம் கொடுத்துப் பிடித்துத் தைக்கலாமா என்று நான் பேச்செடுத்தேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை.

"யாழினிம்மா... இஸ்கூல்ல சுடிதாரு போட்டுகினுதான் வரணும்னு சொன்னாங்களா?"

"இல்லக்கா."

"பின்ன?"

பின்ன... யாரும் சொல்லவில்லை. போன வருடம் என்னோடு வரிசையில் உட்கார்ந்திருந்த அம்மாக்களில் பாதிப் பேர் புடவைதான் கட்டியிருந்தார்கள். நானும்தான்! அப்படியிருக்க அக்காவுக்கு மட்டும் சுடிதார் வேண்டும் என்று எனக்கு ஏன் தோன்றியது? அவர் புடவை கட்டுகிற விதம், ஏற்றிச் செருகின கொசுவம், அந்தப் பேச்சு... இதையெல்லாம் ஒரு க்ரீம் கலர் சுடிதார் மறைத்துவிடும் என்று நினைத்தேனோ? கடைக்காரம்மா வாய்விட்டுச் சொன்னார். நான் அன்பாகச் சொன்னேன். எது மோசம் என்று இரவெல்லாம் புரண்டேன்.

அக்கா இதையெல்லாம் கேட்கவில்லை. அவர் கேட்டது வேறு.

"நீயே போய்ட்டு வந்துடேன். நித்திஷுக்குச் சித்தின்னு சொல்லிக்கோ. அவுங்க அப்பாரு கூட வருவாரு. அம்மாக்கு ஒடம்பு சரியில்லன்னு சொல்லிடு. நான் வந்து, அங்கயும் அவுங்களுக்கு எதுனா நாறிச்சின்னா... புள்ளைக்கு சீட்டு பூடும்."

சிரிக்காமல் சொன்னார். கடையில் அத்தனை பேருக்கு நடுவில் புடவைக்கு மேல் சுடிதார் மாட்டிக்கொண்டு கண்ணாடி பார்த்த மனுஷி. அவர் தலை குனிந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. "பேசுவோம்க்கா" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

இப்போது நான் என்ன செய்ய? சித்தியாகப் போனால், எனக்கு அந்தக் கேள்விகள் எல்லாம் தெரியும். நித்திஷுக்கு இடம் கிடைக்கலாம். ஆனால் அவனை வளர்க்கிற அம்மாவைப் பள்ளிக்கூட வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டு அல்லவா அந்த இடத்தை வாங்கிக் கொடுப்பேன்? அப்புறம் ஒவ்வொரு பெற்றோர் கூட்டத்துக்கும் அவருக்கு உடம்பு சரியில்லாமல் போகுமே? இல்லை, "நீங்கதான் போகணும்" என்று அக்காவைக் கட்டாயப்படுத்தி அனுப்பி, அங்கேயும் யாராவது மூக்கைச் சுளித்துவிட்டால்? சீட்டும் போய், அந்தச் சிரிப்பும் போய்விட்டால்... அதற்கு யார் பொறுப்பு?

சந்திப்புக்குக் கூப்பிட்டிருக்கும் நாள் நெருங்கிவிட்டது. இதுபோல ஒருவருக்குத் துணையாகப் போனவர்களோ, துணையே இல்லாமல் தனியாகப் போய் நின்றவர்களோ உங்களில் நிச்சயம் இருப்பீர்கள். நான் போகவா, அவரைப் போகச் சொல்லவா? தயவுசெய்து எழுதுங்கள்.

அக்கா என்ன உடுத்திக்கொள்ள வேண்டும் என்று மட்டும் எழுத வேண்டாம். அந்த ஆலோசனையை நான் ஏற்கெனவே கொடுத்துத் தொலைத்துவிட்டேன்.