கிளாலியில் எஞ்சினை நிறுத்தும் இடம்

கிளாலிக் கரையில் அந்தப் படகைப் பனங்குற்றிகளின் மேல் ஏற்றி வைத்திருக்கிறார்கள். யுத்த காலத்தில் தரைப்பாதை மூடியிருந்தபோது சனங்களோடு யாழ்ப்பாணக் கடல்நீரேரியில் மூழ்கிய படகு. போன கிழமைதான் சுழியோடிகள் இறங்கி அதைச் சேற்றிலிருந்து விடுவித்து, காற்றடைத்த பீப்பாக்களைக் கட்டி மிதக்கவைத்து இழுத்துவந்தார்கள். நாளை லொறியில் நூதனசாலைக்குக் காட்சிக்குப் போகிறது. பலகையில் இன்னும் சிப்பி ஒட்டியிருக்கிறது. பார்க்க என்னைத் தவிர ஒருவரும் இல்லை.

அது கிடந்த இடத்தையும் பார்த்துவிட வேண்டும் என்று வள்ளத்தில் போகிறேன். ஓட்டுபவர் செல்வராசா அண்ணை, இங்கே நண்டுக்கு வலை போடுகிறவர். கரை மெல்லிய கோடாகிறது. திடீரென்று எஞ்சின் நிற்கிறது.

"பழுதாகிவிட்டதா அண்ணை?"

"இல்லைத் தம்பி, நான்தான் நிப்பாட்டினனான். இதிலைதான் படகு கிடந்தது. இதாலை போற எல்லாரும் எஞ்சினை நிப்பாட்டிப்போட்டு, கோல் ஊண்டித்தான் போறது."

"படகைத்தான் தூக்கிவிட்டார்களே?"

"ஓம், படகைத் தூக்கிப்போட்டினம். என்ரை தங்கச்சி இதுக்கைதான் கிடக்கிறாள்."

எழுந்து நின்று நீளக் கோலைத் தண்ணீருக்குள் விடுகிறார். அது சத்தமில்லாமல் சேற்றில் இறங்குகிறது. வெளியே இழுத்து, சற்றுத் தள்ளி மறுபடியும் ஊன்றுகிறார். அங்கேயும் சேறுதான்.

"முந்தியெண்டால் கோல் பலகையிலை தட்டும். அவள் கிடக்கிற இடம் தெரியும்," என்கிறார். "இப்ப கரையைப் பாத்து மட்டுக்கட்டித்தான் நிப்பாட்டுறன்."